நான் இல்லாத பிளாட்பாரம்

எங்கள் வீட்டு மாடியில் ஒரு ரயில்நிலையம் இருக்கிறது. முத்தியால்பேட்டையில் மாடி அறை என்றால் வாடகைக்கு விடுவார்கள், டியூஷன் நடத்துவார்கள், ஒன்றும் இல்லையென்றால் உடைந்த சைக்கிளையும் பழைய பீரோவையும் போட்டுப் பூட்டி வைப்பார்கள். என் அப்பா மட்டும் புதுச்சேரி ரயில்வே ஸ்டேஷனைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். நிஜ ஸ்டேஷனை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கி, சுவரோரமாகப் போட்ட பலகைகள்மேல் கட்டியது. கூரை, தூண், வளைவு, மணி, எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கிற குழாய், விழுப்புரத்திலிருந்து வந்து முட்டி நிற்கிற தண்டவாளம் எல்லாம் உண்டு. சுவிட்சைப் போட்டால் ஒரு குட்டிக் கரி எஞ்சின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு கடலூர் ரோடு கேட்டைத் தாண்டி வந்து நிற்கும். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "ஐயோ, அப்படியே இருக்கே!" என்பார்கள். அப்படியே ஒன்றும் இல்லை. அதில் நான் இல்லை.

இதைச் சொன்னால், வயசு ஏறிக்கொண்டே போகிற பொம்பளைக்கு என்ன பொம்மை ஆசை என்று கேட்பார்கள். கேட்கட்டும். எனக்கு அந்த பிளாட்பாரத்தில் ஒரு ஓரத்தில் நிற்க வேண்டும். விரல் நகத்தைவிடக் கொஞ்சம் உயரமாக ஒரு பொம்மை, அது நான்தான் என்று அப்பா வாயால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன். அதற்குத்தான் இத்தனை கூத்தும்.

முதலில் அந்த ரயில் எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அப்பா அரசாங்கத்தில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற வேலை. ஒரு கோடு பிசகினால் அவருக்குச் சோறு இறங்காது. கல்யாண வீட்டு வாசலில் வாழைமரம் சாய்ந்திருந்தால் பந்தியிலிருந்து எழுந்துபோய் நிமிர்த்திக் கட்டிவிட்டு வருவார். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல் சமையலறை டப்பாக்களை உயர வரிசைப்படி அடுக்கத் தொடங்கினார். உப்பைத் தேடித் தேடி அலுத்துப்போன அம்மா, "ஏங்க, எங்கனா வெளிய போய்ட்டு வாங்களேன், உங்களுக்குப் புண்ணியமா போவும்" என்று விரட்டிவிட்டாள்.

அப்படி விரட்டப்பட்ட நாட்களில்தான் சொல்தா மாமாவின் சிநேகிதம் ஏற்பட்டது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரர். பிரான்சிலேயே மனைவியைப் பறிகொடுத்துவிட்டு, பிள்ளைகளை அங்கேயே விட்டுவிட்டு, தனியாகத் திரும்பி வந்தவர். அப்பா அவரைப் பிரெஞ்சு மரியாதையாக முசியே என்பார். அவர் அப்பாவை சார் என்பார். இரண்டு பேரும் தெருமுனை டீக்கடையில் நின்று உலகத்தைத் திருத்துவார்கள்.

ஒரு நாள் மாமா அப்பாவிடம், "சார், என் கார் ரெடியாயிடுச்சி. சாயங்காலம் வந்து பாத்துட்டுப் போங்க" என்று சொல்லியிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து, முசியே புது கார் வாங்கிவிட்டார் என்று அறிவித்தார். புது வண்டியைப் பார்க்க வெறுங்கையோடு போகலாமா? சக்கரத்துக்கு வைக்க எலுமிச்சம்பழம், முகப்பில் போட சாமந்தி மாலை, ஒரு கட்டி கற்பூரம் என்று பையில் எடுத்துக்கொண்டார். "அவரு வேதக்காரராச்சே, மாதா கோயிலுக்குப் போறவரு, கற்பூரமெல்லாம் ஏத்த உடுவாரா?" என்று அம்மா கேட்டாள். "வேதக்காரரு வண்டின்னா பஞ்சர் ஆவாதா?" என்று கேட்டுவிட்டு அப்பா கிளம்பிப் போனார்.

அங்கே வாசலில் காரும் இல்லை, ஒன்றும் இல்லை. மாமா அவரை உள்ளே கூட்டிப்போய், கூடத்தில் ஒரு வேட்டியை விலக்கி, "இதான் சார் என் கார்" என்று காட்டினார். மேஜைமேல் ஒரு பொம்மை ரயில்நிலையம். பிரெஞ்சில் ரயில்நிலையத்துக்குக் கார் என்று பெயர். எங்கள் ஊர்ப் பழைய சொல்தா குடும்பங்களில் ஒருத்தர் காருக்குப் போயிருக்கிறார் என்றால் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம். அப்பா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்தான், இருந்தாலும் அந்த நேரத்தில் அது தோன்றவில்லை. எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தாராம். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, அந்தப் பழங்களையே பிழிந்து ஜூஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

ஜூஸைக் குடித்தபடி அப்பா அந்த மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "இது எந்த ஊரு முசியே?" என்று கேட்டார்.

"எந்த ஊரும் இல்ல சார். நானா போட்டது."

அப்பாவுக்கு அது புரியவே இல்லை. மாமா போட்ட ஊரில் நோணாங்குப்பத்துப் படகுத்துறை ஓரமாக ரயில் போகும். நிஜத்தில் அங்கே தண்டவாளமே கிடையாது. படகுத்துறைக்குப் பின்னால் பனி மூடிய மலை. மலையடிவாரத்தில் ஒரு மாதா கோயில், அதன் வாசலில் நீலப் பாவாடையோடு நிற்கிற பொம்மை அவருடைய மனைவி. கரி எஞ்சினும் கரண்ட் எஞ்சினும் ஒரே பிளாட்பாரத்தில் நிற்கும். அப்பா வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "நோணாங்குப்பத்துல பனிமலையாம்! மனுசன் கூசாம சொல்றாரு" என்று பொரிந்து தள்ளினார். திட்டி முடித்த கையோடு அலமாரியிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு நிஜ ஸ்டேஷனை அளக்கக் கிளம்பிவிட்டார்.

பிளாட்பாரத்தில் தூணுக்குத் தூண் டேப் பிடித்துக்கொண்டிருந்தவரை ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, "இன்னா பெரியவரே, ஸ்டேஷன வெலைக்கு வாங்கப் போறியா?" என்று கேட்டாராம். அப்பா கொஞ்சமும் அசராமல், பழைய படிக்கட்டின் அகலம் மாறியிருக்கிறது, எப்போது இடித்தார்கள் என்று அவரையே திருப்பிக் கேட்டிருக்கிறார். போலீஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

இந்த வேலை செய்கிறவர்களில் இரண்டு கட்சி உண்டு என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஒன்று புரோட்டோடைப் கட்சி. நிஜமாக இருக்கிற ஒரு ஸ்டேஷனையும் நிஜமான ஒரு வருஷத்தையும் எடுத்துக்கொண்டு, அந்த வருஷம் அங்கே என்ன இருந்ததோ அதை மட்டும் வைப்பார்கள். அதற்கடுத்த வருஷம் வந்த விளக்குக் கம்பம்கூட உள்ளே வரக்கூடாது. இன்னொன்று ஃப்ரீலான்ஸ் கட்சி. ஊரும் அவர்களே போட்டது, பாதையும் அவர்களே போட்டது. மனசுக்குப் பிடித்ததெல்லாம் வரலாம். அப்பா இதை அம்மாவுக்கு விளக்கியபோது அவள் அரிசி களைந்துகொண்டே, "ஃப்ரீன்னா? ஓசியா?" என்று கேட்டாள்.

"ஓசிதான்" என்றார் அப்பா. "யாருக்கும் பதில் சொல்ல வாணாம், எதையும் அளக்க வாணாம். அது ஒரு பொழப்பா?"

மாமா சாதாரணமாக, "சரி சார், நீங்க எந்த வருஷம் எடுக்கப் போறீங்க?" என்று கேட்டபோது நானும் அங்கே இருந்தேன். அப்பா யோசிக்கவே இல்லை. வருஷத்தைச் சொன்னார்.  அது என் அண்ணன் உயிரோடு இருந்த கடைசி வருஷம்.

எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். நான் அவனைப் பார்த்ததில்லை. ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து போய்விட்டான். அவன் போன பிறகுதான் நான் பிறந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அவனைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போவாராம். எங்கள் ஊரோடு பாதை முடிந்துவிடும். வந்த எஞ்சினுக்கு மேலே போக வழி கிடையாது. அதனால் எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளம் வழியாகச் சுற்றிக் கொண்டுபோய் வால் பக்கம் மாட்டுவார்கள். அதைப் பார்க்கத்தான் இரண்டு பேரும் போவார்கள். என்னை அப்பா ஒரு நாளும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனதில்லை. நாங்கள் எந்த ஊருக்குப் போனாலும் பஸ்தான். சின்ன வயதில் அதற்குக் காரணம் ரயிலில் கூட்டம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

வருஷத்தைச் சொன்ன நாளிலிருந்து அம்மா மாடி ஏறுவதை நிறுத்திவிட்டாள். துணி உலர்த்துவதைக்கூடக் கொல்லைப்புறத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

நான் பல் கட்டுகிற லேபில் வேலை செய்கிறேன். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், அதில் மெழுகை வைத்துப் பல்லாகச் செதுக்குவது என் வேலை. கடைவாய்ப் பல்லின் மேட்டையும் பள்ளத்தையும் மெழுகில் கொண்டுவருகிற கைக்கு ஒரு குட்டி மனிதனைச் செய்வது பெரிய காரியமில்லை. அப்பா கடையில் விற்கிற வெளிநாட்டுப் பொம்மைகளைத் தொடமாட்டார். கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு எந்த வெள்ளைக்காரன் விழுப்புரம் பாசஞ்சருக்குக் காத்திருக்கிறான் என்பார். ஆகவே அந்த ஸ்டேஷனின் ஜனத்தொகை முழுக்க என் கையால் பிறந்தது. கூடையோடு உட்கார்ந்திருக்கிற பூக்காரி, தலையில் துண்டைச் சுருட்டி வைத்த போர்ட்டர், டீ விற்கிறவர், பச்சைக்கொடி பிடித்த கார்டு, குடையை விரித்தபடி ஒரு கன்யாஸ்திரீ. ஒவ்வொன்றையும் அப்பா பூதக்கண்ணாடியில் பார்ப்பார். "போர்ட்டருக்குச் செருப்பு வாணாம், அந்த ஆளு வெறுங்கால்லதான் நடப்பாரு" என்பார். நான் செருப்பைச் சுரண்டி எடுப்பேன். அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. அப்பாவும் நானும் ஒரே மேஜையில் உட்கார்ந்து வேலை செய்தது அதற்கு முன்னால் கிடையாது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒரு சின்னப் பையன் வேணும்மா" என்றார்.

யார் என்று நான் கேட்கவில்லை. அவரே சொல்லிக்கொண்டு போனார். "காக்கி டிராயரு. வெள்ளச் சட்ட. மேல் பட்டன் இருக்காது, கடிச்சிக் கடிச்சிப் பிச்சிடுவான். எஞ்சினப் பாக்கறப்ப தல கொஞ்சம் ஒரு பக்கமா சாஞ்சிருக்கும். எடது பக்கமா." அவர் குரல் வரைபடத்தில் அளவு சொல்கிற குரலாகவே இருந்தது. கை மட்டும், துடைக்கிற துணியை முறுக்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பையனைச் செய்து முடிக்க வெகுநாள் ஆயிற்று. தலையின் சாய்வு சரியாக வரவில்லை என்று அப்பா திருப்பித் திருப்பிக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் நான் உருக்கிவிட்டு மறுபடி செதுக்கினேன். எனக்கு அவன்மேல் பாசம் பொங்கியது, கூடவே பொறாமையும் வந்தது. செத்துப்போன ஆறு வயசுப் பையனைப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஜென்மம் இந்த உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனால் வந்தது வந்ததுதான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? என் தலை எந்தப் பக்கம் சாயும் என்று அப்பாவைக் கேட்டால் சொல்வாரா என்று யோசித்துக்கொண்டே செதுக்கினேன்.

கடைசியில் சரியாக வந்தது. அப்பா அதைக் குறடால் எடுத்து, தண்ணீர்க் குழாய்க்கு எதிரே, ஏற்கெனவே நான் செய்து வைத்திருந்த அப்பா பொம்மையின் பக்கத்தில் நிறுத்தினார். சுவிட்சைப் போட்டார். எஞ்சின் வந்து நின்றது. அப்பா குனிந்து, கண்ணைப் பிளாட்பார மட்டத்துக்குக் கொண்டுபோய், அப்படியே இருந்தார்.

அப்போதே கேட்டிருக்க வேண்டாமோ என்று எனக்கு இப்போதும் தோன்றுவதில்லை. அப்போது கேட்காமல் வேறு எப்போது கேட்பது? "என்னை எங்க வெப்பீங்கப்பா?" என்றேன்.

அப்பா நிமிர்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ அந்த வருஷம் பொறக்கலயேம்மா."

"தெரியும். சும்மா ஒரு ஓரமா வைங்க. டீக்கடைக்குப் பின்னாடி."

"டீக்கடைக்குப் பின்னாடி வெச்சாலும் அந்த வருஷம் நீ கெடயாதுல்ல."

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "அந்த வருஷம் அந்த ஊர்ல வானத்துல ஃபேன் ஓடுச்சாப்பா?" என்று மேலே காட்டிக் கத்தினேன். "சுவத்துல பல்லி இருக்கே, அது எஞ்சின் அளவு பெருசா இருக்கே, அது எந்த வருஷத்துப் பல்லி? அதெல்லாம் இருக்கலாம், நான் மட்டும் ஆகாதா?" மெழுகு வெட்டுகிற கத்தியை மேஜைமேல் எறிந்துவிட்டுக் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

கீழே அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. "நீயாவது மேல வந்து அவரக் கேளேம்மா" என்றேன்.

"நான் வரல." வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "அங்க அவன் நிப்பான். பாத்தா தூக்கத் தோணும்." 

அதன்பின் நான் பொம்மை செய்யவில்லை. ஆனால் மாடிக்குப் போவதை மட்டும் விடவில்லை. குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். ஸ்டேஷன் வாசலில் அப்பா மஞ்சள் நிறத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். கண்ணாடிக் கதவு, உள்ளே குட்டி டெலிபோன், ஆசை ஆசையாகச் செய்தது. "அந்த வருஷம் இங்க எஸ்.டி.டி. பூத் வந்துடுச்சா?" என்று கேட்டேன். அப்பா முகம் மாறியது. யார் யாரையோ விசாரித்தார். பிறகு அந்தப் பூத்தைப் பெயர்த்து எடுத்து, இருந்த இடத்தில் மண்ணைத் தூவி மூடினார். "தப்புன்னா தப்புதான்" என்றார். தனக்கும் அவர் சலுகை கொடுத்துக்கொள்ளவில்லை. அது தெரிந்த பிறகு எனக்கு அவர்மேல் ஒழுங்காகக் கோபப்படக்கூட முடியாமல் போயிற்று.

நான் வேறு வழி பிடித்தேன். சட்டம் பேசுகிறவரிடம் சட்டமாகவே பேசுவோம் என்று நினைத்தேன். நல்ல மனநிலையில் இருந்த ஒரு காலை வேளையில் காபி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "அப்பா, வருஷத்த மாத்திக்கலாமே" என்றேன். "நான் பொறந்ததுக்கு அப்பறம் ஒரு வருஷம் எடுங்க. அதே ஸ்டேஷன்தான், அதே மீட்டர்கேஜ்தான். கட்டடத்துல ஒரு செங்கல்லக்கூட மாத்த வாணாம். அப்ப நான் நிக்கலாம்ல? அது நெசந்தான?"

அப்பா காபியைக் கீழே வைத்தார். 

"அந்த வருஷத்துல அவன் இல்லயேம்மா" என்றார்.

என் பார்வை தண்ணீர்க் குழாய்க்கு எதிரே நின்றவன்மேல் போயிற்று.

"நான் அத யோசிக்கலன்னு நெனைக்கறியா? நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கற மாதிரி ஒரு வருஷம், ஒரே ஒரு நாளு இருந்தாப் போதும், அதத்தான் எடுத்திருப்பேன். தேடிப் பாத்துட்டேன். இல்லம்மா."

காபி ஆறிப்போயிற்று. நான் டம்ளரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். இத்தனை நாளும் அவர் என்னை வேண்டாம் என்று சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு பிள்ளைகளையும் ஒரே பலகையில் நிறுத்த முடியாமல் தனியாக மல்லாடிக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது ஸ்கூட்டியை மாமா வீட்டு வாசலில் நிறுத்தினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கூடத்துக்குக் கூட்டிப்போய், "இங்க பாரு, நீ எங்க ஊர்ல இருக்க" என்று காட்டினார். அவருடைய ஸ்டேஷன் வாசலில் சிவப்பு ஸ்கூட்டியோடு ஒரு பெண் பொம்மை. எப்போது வைத்தாரோ தெரியாது. பொம்மையின் துப்பட்டாகூட என்னுடையதைப் போல நீலம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவர் ஊரில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். நோணாங்குப்பத்தில் பனிமலையே நிற்கிறது. எனக்கு அப்பாவின் ஸ்டேஷன்தான் வேண்டும். நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன்.

மாமா தன் மனைவி பொம்மைமேல் இருந்த தூசியை ஊதிவிட்டுச் சொன்னார்: "இவ பாண்டிச்சேரிக்குத் திரும்பி வரணும் வரணும்னு சொல்லிட்டே அங்கயே போய்ட்டா. நெசமான ஊர்ல எங்க போயி நான் இவளத் தேடறது? அதான் நானே ஒரு ஊரு போட்டேன். உங்கப்பா இதப் பொய்யின்னு சொல்றாரு, சொல்லட்டும். எங்க ஊர்ல காலண்டரு கெடயாதும்மா. ரெண்டு புள்ளைங்களயும் கொண்டாந்து நிக்க வெக்கச் சொல்லு."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அப்படியே ஒப்பித்தேன். அப்பாவை அவ்வளவு கோபத்தில் நான் பார்த்ததில்லை. "எம் புள்ள நெசமா இருந்தவன்!" என்று கத்தினார். "இந்தக் கையால தூக்கிட்டுப் போனவன். அவனப் போயி இல்லாத ஊர்ல நிக்க வெக்கச் சொல்றாரா? அப்பறம் பாக்கறவங்க, பனிமல மாதிரி இவனும் கற்பனதான்னு சொல்ல மாட்டாங்க?"

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பாவும் மாமாவும் அதன்பின் டீக்கடையில் ஒன்றாக நிற்கவில்லை. மாமா எதிரே வந்தால் அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பார். எனக்கு இரண்டு பேரையும் பார்க்கப் பாவமாக இருந்தது. என்னால்தானே இது என்று ஒரு பக்கம். நான் அப்படி என்ன கேட்டுவிட்டேன் என்று இன்னொரு பக்கம்.

மழைக்காலம் வந்து போயிற்று. கடல்காற்றில் மாடித் தண்டவாளம் துரு ஏறியது. அப்பா அதை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பார், ரயில் விடுவதுமட்டும் குறைந்துபோயிற்று. சுவிட்சைப் போடாமலே அந்தப் பையனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பலமாக இருமுவார். நான் மாத்திரையும் தண்ணீரும் வைத்துவிட்டு வருவேன். அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை.

போன மாதம் ஒரு விடுமுறை நாளில் அப்பா மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.  திரும்பி வந்தவர் நேராக என்னிடம் வந்து, "மேல வா" என்றார். போனேன். என் பழைய ஸ்டூலைத் துடைத்துப் போட்டிருந்தார். மெழுகு, கத்தி, சின்ன ஸ்பிரிட் விளக்கு எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தார்.

"முசியேவப் பாத்துட்டு வரேன்" என்றார். "அவரு பிளாட்பாரத்துல ரெண்டு பேருக்கு எடம் இருக்கான்னு கேட்டேன். இருக்காம்."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அப்பா பார்வையைத் திருப்பிக்கொண்டார். அந்த வார்த்தையைக் கேட்கப் போன வழியெல்லாம் அவருக்கு என்ன பாடாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நோணாங்குப்பத்துப் பனிமலையைப் பார்த்துச் சோறு இறங்காத மனுஷன்.

"உன்ன இப்ப இருக்கற மாதிரியே செய்யி. அந்த ஸ்கூட்டி பொம்ம நல்லா இல்ல. அவரு மூக்க மொக்கையா வெச்சிட்டாரு" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "நெத்தியில அந்தத் தழும்பு வரணும். நாலு வயசுல கதவுல இடிச்சிக்கிட்டது. பேசறப்ப நீ வலது தோளத் தூக்குவ. அதும் வரணும்." என்னை அவர் இவ்வளவு பார்த்து வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு விளக்கைப் பற்றவைத்தேன்.

"அண்ணனுக்கு இவன எடுத்துக்கலாம்ல?" என்று தண்ணீர்க் குழாய்க்கு எதிரே நிற்கிறவனைக் காட்டினேன்.

அப்பா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "அவன் அங்கதான் நிக்கணும். அவன் அந்த வருஷத்து ஆளு. முசியே ஊர்ல காலண்டரு கெடயாதுன்னா அங்க அவனும் வளந்திருப்பான்ல. நீ இம்மாம் பெருசா நிக்கறப்ப அவன் உன் இடுப்பு உசரத்துக்கு நின்னா எப்படிம்மா? உனக்கு மூத்தவம்மா அவன். அண்ணனாத்தான நிக்கணும்."

அண்ணன் என்ற சொல்லை அவர் எனக்காக உபயோகித்தது அதுதான் முதல் தடவை. அதுவரை அவன் எப்போதும் எம் புள்ள, அவன் என்றுதான் இருந்தான். நான் மெழுகை எடுத்து விளக்கில் காட்டி இளக்கினேன்.  நாற்பதைத் தாண்டிய ஒரு ஆண். சட்டை என்ன நிறம், மீசை உண்டா, கண்ணாடி போடுவானா, எல்லாவற்றையும் அப்பா சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் மேஜையில் சிந்திய மெழுகைத் துடைத்துக்கொண்டிருந்தார். சரி, முதலில் ஆளை நிறுத்துவோம் என்று, "எவ்ளோ உசரம்பா?" என்று கேட்டேன்.

அப்பா எழுந்து நின்றார். "என் உசரம் இருப்பான்" என்று கையைத் தன் தலைக்குமேல் கொண்டுபோனார். பிறகு, "உங்கம்மா வீட்டுப் பக்கம் எல்லாம் குட்டையாச்சே" என்று கையைக் காது வரைக்கும் இறக்கினார். மறுபடி ஏற்றினார். தோளுக்குக் கொண்டுவந்தார். ஸ்டேஷன் தூணின் பருமனைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய மனுஷனுக்குக் கை எங்கே நிற்பது என்று தெரியவில்லை. அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, அவர் இடுப்புக்குப் பக்கத்தில், ஒரு தலைமேல் வைத்த மாதிரி நின்றது.

"இவ்ளோ உசரம் வரைக்குந்தாம்மா எனக்குத் தெரியும்" என்றார்.